விருதுநகர் வெயிலில் ஒரு லேசர் கோடு

1

இந்த நாட்டில் யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் அலுவலகத்துக்கு கேக் வாங்கி வர வேண்டும். மற்றவர்கள் வாங்கி வந்து வெட்டச் சொல்லி முகத்தில் பூசுகிற வழக்கமெல்லாம் கிடையாது. வந்த புதிதில் இது தெரியாமல் என் பிறந்தநாளன்று வெறுங்கையை வீசிக்கொண்டு போய்விட்டேன். எல்லோரும் ஏன் என் மேசையை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள் என்று மதியம் வரை புரியவில்லை.

போன வாரம் எங்கள் இயந்திரத்துக்கு ஓராண்டு நிறைவு. விருதுநகருக்கு வெளியே, தண்டவாளத்தின் இரு பக்கமும் சாம்பல் நிறப் பெட்டிகளாக உட்கார்ந்துகொண்டு, கடந்து போகிற ரயில்களின் சக்கரங்களை எல்லாம் அளந்துகொண்டிருக்கிறதே, அந்த இயந்திரத்துக்கு.

"இயந்திரம் கடைக்குப் போகாது, மரீ. அதன் அம்மா நீதானே, நீ வாங்கி வா" என்றான் என்னோடு வேலை செய்யும் யோனாஸ்.

மாரீஸ்வரி என்கிற என் பெயர் இவர்கள் வாயில் மரீ ஆகிப் பல காலம் ஆயிற்று. மாரி என்றே கூப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் மரீ என்றுதான் வந்தது. சரி, ஆத்தா எந்த ஊரில் இருந்தாலும் ஆத்தாதான் என்று விட்டுவிட்டேன்.

வட்டமாக ஒரு கேக் வாங்கிப் போனேன். வெட்டுவதற்கு முன் யோனாஸ் வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து கேக்கைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து, "வட்டம் சரியில்லை. ஓட்டத் தகுதி இல்லை. உண்ணத் தகுதி உண்டு" என்று தீர்ப்புச் சொன்னான். பிரிவே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கை பரபரத்தது. அந்தச் சித்திரை மாதத்தில் நடந்ததையெல்லாம் நம் ஊர்க்காரர்கள் படிக்கிற மாதிரி எழுதிவிட வேண்டும்.

2

சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளம் என் ஊர். அம்மா பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். அப்பா என் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். விருதுநகரில் பெண்கள் பள்ளி, மதுரையில் பொறியியல் கல்லூரி, சென்னையில் வேலை, அங்கிருந்து தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர் என்று என் பாதை நீண்டது. கூடவே கணவர் செந்தில், மகள் கயல்.

எங்கள் கம்பெனி செய்வது ஒரே ஒரு காரியம். ரயில் சக்கரத்தை அளக்கும் கருவி. சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் வண்டியைத் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடித்து வைத்திருக்கிறது. ஓட ஓட அது தேயும். தேய்வது அதன் இயல்பு. ஓர் அளவுக்கு மேல் தேய்ந்தால் சக்கரத்தை மாற்றியாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வண்டியை நிறுத்தி, ஆள் குனிந்து, ஒரு அளவுச் சட்டத்தைச் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் கருவி வண்டியை நிறுத்தச் சொல்லாது. சக்கரம் பெட்டிக்கு நேரே வரும் நொடியில் அதன் மேல் ஒரு லேசர் கோட்டை வீசும். பக்கத்தில் இருக்கும் கேமரா அந்தக் கோட்டைப் படம் பிடிக்கும். கோடு எப்படி வளைந்திருக்கிறதோ அதுதான் சக்கரத்தின் உருவம். மிச்சக் கணக்கைக் கணினி போட்டுவிடும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. இதற்காக நானும் யோனாஸும் தின்ற திட்டு எங்களுக்குத்தான் தெரியும்.

வேலையை விட மொழிதான் என்னை அதிகம் படுத்தியது. ஜெர்மனில் சக்கரத்துக்கு 'ராட்' என்பார்கள். ஆலோசனைக்கும் 'ராட்'தான். எழுத்தில் வேறு, காதுக்கு ஒன்றே. ஒருநாள் எங்கள் பிரிவுத் தலைவி பிரிகிட்டே என் மேசைக்கு வந்து, "மரீ, எனக்கு ஒரு ராட் வேண்டும்" என்றார். மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசனை கேட்க வந்தவர். நான் கணினியில் சரக்கு வண்டிச் சக்கரத்தின் வரைபடத்தைத் திறந்து, விளிம்பு, ஓடுபரப்பு, தேய்மானம் என்று விளக்கத் தொடங்கிவிட்டேன். அந்தப் பெண்மணி கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அருமையான ராட். ஆனால் நான் கேட்டது இன்னொரு ராட்" என்றார்.

கயலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் ஜெர்மனிலேயே கனவு காண்கிறாள். தூக்கத்தில் உளறுவதைக் கேட்டிருக்கிறேன். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவளுடைய தமிழ் சமையலறையைத் தாண்டாது. சாப்பிடு, கழுவு, எடு, வை, ஓடு, பிடி. பந்து விளையாட்டுக்கும் பாத்திரம் கழுவவும் போதுமான தமிழ்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே தங்கியிருக்க எங்களுக்குக் கொடுத்த அனுமதி என் வேலையோடு ஒட்டியது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் சீட்டு எண் வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால், அந்த அம்மாள் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "வேலை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பார். இருக்கிறது என்றால் முத்திரை விழும். இல்லையென்றால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த வருடம் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, எங்கள் பிரிவையே மூடிவிடலாமா என்கிற பேச்சு நடைபாதையில் அடிபட்டுக்கொண்டிருந்தது.

3

அப்படிப்பட்ட ஒரு காலை நேரத்தில்தான் பிரிகிட்டே எங்களைக் கூட்டி வைத்து அறிவித்தார். இந்தியாவில், வெயில் கடுமையான ஒரு பகுதியில் இயந்திரத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க ரயில்வே சம்மதித்திருக்கிறது. நன்றாக வேலை செய்தால் பிரிவு பிழைக்கும். கையில் இருந்த தாளைப் பார்த்து ஊர்ப் பெயரைப் படித்தார்.

"ஃபிருதுநாகர்."

ஜெர்மன்காரர்களுக்கு 'வி' பல சமயம் 'ஃபி' ஆகிவிடும். நான் ஏதோ வடக்கத்தி ஊர் போலிருக்கிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் வரைபடம் வந்தது. மதுரையிலிருந்து இறங்கி வருகிற பாதை ஓரிடத்தில் பிரிந்து, ஒன்று சாத்தூர் பக்கமும் மற்றது சிவகாசி பக்கமும் போகிறது. அந்தக் கவட்டையை நான் எப்படி மறப்பேன்? நாற்காலி பின்னால் போய் விழ, எழுந்து நின்றேன்.

"விருதுநகர்! அது விருதுநகர்!" என்று தமிழில் கத்தினேன்.

பிரிகிட்டே பயந்துபோய், "அங்கே ஏதாவது ஆபத்தா?" என்று கேட்டார்.

"இல்லை, அங்கே என் அம்மா!" என்றேன். இரண்டு மொழியும் குழம்பி, அங்கே ஆபத்து என் அம்மாதான் என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறேன். யோனாஸ் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வான்.

பெட்டிகள் கிளம்புவதற்குள் காகிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. லேசர் என்றாலே எல்லோருக்கும் சந்தேகம். சென்னையில் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைச் சுற்றி வந்து கேட்டார்.

"லேசர்னு போட்டிருக்கே, இது எதைச் சுடும்?"

"எதையும் சுடாது சார். சக்கரத்து மேல கோடு போடும்."

"கோடு போடவா ஜெர்மனியிலேருந்து தூக்கிட்டு வந்தீங்க?"

நான் பையிலிருந்து ஒரு சக்கரத்தின் படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஓடற வண்டியில எடுத்ததா? நிஜமாவா?" என்று கேட்டார். அதன் பிறகு அவரே ஒவ்வொரு மேசையாக எங்களை அழைத்துப் போனார்.

4

விருதுநகர் நிலையத்துக்குத் தெற்கே, சாத்தூர் போகிற பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். ரயில்வே தரப்பில் எங்களோடு இருந்தவர் பொறியாளர் பால்பாண்டி. காரியாபட்டிக்காரர். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"மேடம், நீங்க எந்த நாட்டு மெஷின் வேணா வைங்க. வண்டி போற வழியில ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருந்தாலும் நான் புடுங்கிருவேன். அது மட்டும் ஞாவகத்துல இருக்கட்டும்."

பெட்டிகளைப் பதித்து, கம்பிகளைப் புதைத்து, கணினிக்கு ஓலைக் கொட்டகை போட்டோம். ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ் பிடித்து வந்து இறங்கினார். தூக்குவாளியில் கறிக்குழம்பு. பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தவர் முதலில் கேட்டது இதுதான்:

"ஏத்தா, இதுலேர்ந்து பொறி கிறி பறக்குமா?"

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

"பறக்காதும்மா. வெறும் வெளிச்சம்தான்."

"அப்பச் சரி" என்று நிம்மதியானார். பிறகு யோனாஸைப் பார்த்தார். "இந்தத் தம்பி ஏன் இப்படித் தக்காளியாச் செவந்து கெடக்கு? தம்பி, சாப்பிட்டீகளா?"

யோனாஸ் அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டான். அதன் பிறகு பால்பாண்டி உட்பட யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதில் "சாப்பிட்டீகளா?" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று.

முதல் வண்டி மதுரைப் பக்கமிருந்து வந்தது. தரை அதிர, பெட்டிகளுக்கு நடுவே தடதடவென்று போய் மறைந்தது. திரையில் சக்கரங்கள் வரிசையாக விழுந்தன. எங்கள் ஊர் வண்டியின் சக்கரங்கள்! ஜெர்மனியில் எத்தனையோ சக்கரங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. பால்பாண்டி குனிந்து திரையைப் பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பெரிய பாராட்டாகப் பட்டது.

மதியம் தாண்டியதும் எல்லாம் மாறியது.

கிழக்குப் பக்கம் வேலிக்கருவை மண்டிக் கிடந்ததால் காலை வெயில் தெரியவில்லை. மேற்கே வெட்டவெளி. சூரியன் இறங்க இறங்க, வெயில் நேராகச் சக்கரத்தின் முகத்தில் அடித்தது. தேய்ந்து பளபளத்த இரும்பு கண்ணாடி மாதிரி மின்னியது. லேசர் கோடு அந்த வெளிச்சத்தில் இருக்கிற இடம் தெரியவில்லை. திரையில் வளைவுக்குப் பதிலாக வெள்ளைத் திட்டுகள். கணினி ஒரு சக்கரத்தைச் சதுரம் என்று கூடச் சொன்னது.

"சதுரச் சக்கரத்துலயா என் வண்டி ஓடுது?" என்று கேட்டார் பால்பாண்டி.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். கேமராவுக்கு முன்னால் வைக்க வேறொரு கண்ணாடி வேண்டும் என்றான் யோனாஸ். அதை அங்கிருந்து வரவழைத்துச் சுங்கம் தாண்டி எடுத்து வர மாதக் கணக்கு ஆகும். தொலைபேசியில் பிரிகிட்டே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மரீ, இந்த வாரம் முடிவதற்குள் சரியான அளவு வராவிட்டால், கழற்றிக்கொண்டு கிளம்பி வாருங்கள். மேலே முடிவெடுத்துவிட்டார்கள்."

போனை வைத்துவிட்டுத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மாளின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. வேலை இருக்கிறதா?

5

அன்று சாயங்காலம்தான் ஜெயந்தியிடமிருந்து போன்.

ஜெயந்தி என் பள்ளித் தோழி. ஒரே பெஞ்சு. அவள் டிபன் பாக்ஸில் வெங்காய ஊத்தப்பம், என்னுடையதில் கம்பஞ்சோறு. பாதியை மாற்றிக்கொள்வோம். அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி அவள் அப்பாவுடையது. பள்ளியில் அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தும், அவள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அம்மா வேண்டாம் என்பார். "மொதலாளி வீட்டு முன்வாசல்ல நமக்கென்ன சோலி?" கல்யாணமான பிறகு ஜெயந்தி சிவகாசியில் புகுந்த வீட்டு ஆப்செட் அச்சகத்தை எடுத்து நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஏட்டி மாரி, ஊருக்குள்ள வந்துட்டு எங்க வீட்டுக்கு வராமலே போயிரலாம்னு பாத்தியா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"போற நெலமையிலதான் இருக்கேன் ஜெயந்தி" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வெயில மறைக்கணும். அம்புட்டுதான?"

"மறைக்கணும். ஆனா லேசரையும் கேமராவையும் மறைக்கக் கூடாது. வண்டியில இடிக்கவும் கூடாது. காத்துல பறக்கவும் கூடாது."

"அச்சகத்துக்கு வா. அட்ட நான் தாரேன், அளவு நீ சொல்லு."

மறுநாள் காலை அவள் அச்சகத்தில் நின்றேன். ஒரு பக்கம் காலண்டர்த் தாள்கள் இயந்திரத்திலிருந்து படபடவென்று விழுந்துகொண்டிருந்தன. இன்னொரு பக்கம் பட்டாசுப் பெட்டிக்கு மாதிரி வெட்டும் மேசை. ஜெயந்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தடித்த அட்டையில் மங்கலான கறுப்பு பூசி வைத்திருந்தாள். பளபளப்பு இருந்தால் அதுவே வெயிலைத் திருப்பி அடிக்கும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். கேமரா எங்கே, லேசர் எங்கே, வெயில் எந்தச் சாய்வில் வருகிறது என்று நான் தரையில் சாக்குக்கட்டியால் வரைய, அவள் வெட்டி மடித்து ஒட்ட, விதவிதமான கூரைகள் உருவாகின. இருவரும் கணக்குப் போட்டு, சண்டை போட்டு, மறுபடி கணக்குப் போட்டோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நின்ற மாதிரியே இருந்தது. பயத்தை எங்கோ கழற்றி வைத்துவிட்டேன்.

மதியம் அவள் காரிலேயே தளத்துக்கு வந்தோம். ரோட்டைத் தாண்டிக் கார் போகாது. ஜெயந்தி அட்டைக் கூரைகளை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு கரிசல் காட்டில் நடக்கத் தொடங்கிவிட்டாள். அன்று லீவு போட்டு வந்திருந்த அம்மா கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். யார் வருவது என்று தெரிந்ததும் பதறி எழுந்தார்.

"பாப்பா! நீங்க எதுக்கு இதத் தூக்கிட்டு வாறீக? ஏத்தா மாரி, வாங்கேன் அத!"

"ஏன் எந்திரிக்கீக? உக்காருங்கம்மா" என்ற ஜெயந்தி, சுமையை இறக்கிவிட்டு அம்மா உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "தண்ணி இருக்கா? தொண்ட காஞ்சு போச்சு."

அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினார். ஜெயந்தி அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெஞ்சின் மறுமுனையில் மெதுவாக உட்கார்ந்தார். கூரையை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்குப் போனேன்.

முதல் கூரையைப் பால்பாண்டி அளந்து பார்த்துத் தள்ளிவிட்டார். உயரம் கூடுதல். இரண்டாவது, திருச்செந்தூர் வண்டி போன காற்றில் பிய்ந்து காட்டுக்குள் பறந்தது. யோனாஸ் அதன் பின்னால் ஓடி, முள் குத்திக்கொண்டு திரும்பினான். மூன்றாவதைச் சரிவாக, தரையோடு தரையாகப் பொருத்தி, ஓரங்களில் கல் வைத்தோம். பால்பாண்டி மண்டியிட்டு உயரத்தையும் இடைவெளியையும் அளந்து பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார்.

"இது நிக்கலாம்."

கேமரா கண் திறந்திருக்கும் நேரத்தையும் யோனாஸ் இன்னும் சுருக்கினான். எல்லோரும் கொட்டகைக்குள் திரையைச் சுற்றி நின்றோம். மேற்கே வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பயணி வண்டி வந்தது. சத்தம் வந்தது, போனது.

திரையில் கோடு. மருதாணிக் குச்சியால் இழுத்த மாதிரி, அறுபடாமல், விளிம்பில் ஏறி இறங்கி வளைந்த கோடு. அடுத்த சக்கரம், அதற்கடுத்த சக்கரம், எல்லாவற்றிலும் கோடு!

நான் ஜெயந்தியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். யோனாஸ் பால்பாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சாப்பிட்டீகளா! சாப்பிட்டீகளா!" என்று கத்தினான்.

6

அட்டைக்கு மேல் தகரம் அடித்து, அதே சரிவில் கூரையை உறுதியாக்கினோம். அதற்குப் பிறகு வந்த நாட்களில் வெயில் எவ்வளவு ஏறினாலும் கோடு அசையவில்லை. ஆனால் பால்பாண்டிக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு மேடம். அது சொல்ற அளவு நெசமான அளவான்னு யாருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி. பதில் ஒரு சரக்கு வண்டியில் வந்தது.

தூத்துக்குடியிலிருந்து உரம் ஏற்றிக்கொண்டு நீளமான வண்டி. சாயங்கால வெயில், வெக்கை, எங்கள் இயந்திரத்துக்கு ஆகவே ஆகாத நேரம். வண்டி மெதுவாகக் கடந்தது. திரையில் பச்சை, பச்சை, பச்சை என்று வந்துகொண்டிருந்த வரிசையில் திடீரென்று ஒரு சிவப்பு. ஒரு பெட்டியின் ஒரு சக்கரத்தில் மட்டும் விளிம்பு மெலிந்து, மாற்ற வேண்டிய எல்லையைத் தொட்டிருந்தது.

கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. வெயில் திட்டு எதுவும் இல்லை. யோனாஸைப் பார்த்தேன். அவன் முகத்தில் இருந்த சிவப்பு வடிந்திருந்தது.

"சார், இந்த வண்டி அடுத்து எங்கே நிக்கும்?" என்று கேட்டேன்.

"விருதுநகர்லதான். எதிர்வண்டி வரணும், நிப்பாட்டுவாக."

"இந்தச் சக்கரத்த அங்கே அளக்கச் சொல்ல முடியுமா?"

பால்பாண்டி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மேடம், இது சோதனைக்கு வச்ச மெஷின். இது சொல்லுதேன்னு நான் ஆள அனுப்பி, அங்க ஒண்ணும் இல்லன்னா, நாளைக்கு எல்லாரும் என்னத்தான் கேப்பாக. வண்டி வேற தாமசமாகும்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீக? நிச்சயமா?"

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் என் வேலை, செந்தில், கயல், யோனாஸ், பிரிவு எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. தவறாகப் போனால் மறுநாள் பெட்டிகளைத் தோண்டி எடுப்பார்கள். சரியாக இருந்து நான் வாய் திறக்காமல் விட்டால், அந்தச் சக்கரம் அப்படியே உருண்டு போகும். இரண்டாவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நிச்சயமா சார்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசியது போலிருந்தது.

அவர் போனை எடுத்தார். வண்டியில் எத்தனாவது பெட்டி, எந்தப் பக்கம், எந்தச் சக்கரம் என்று சொன்னார். அளவுச் சட்டத்தோடு ஆள் போகட்டும் என்றார். வைத்தார். யோனாஸ் நகத்தைக் கடித்தான். அம்மா அன்றைக்கும் வந்திருந்தார். என்ன நடக்கிறது என்று தெரியாமலே என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவைக் காரில் அழைத்து வந்திருந்த ஜெயந்தி மட்டும், "வரும், வரும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. பால்பாண்டி கேட்டார். "சரி" என்றார். மறுபடி "சரி" என்றார். போனை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டார்.

"அளவுச் சட்டமும் அதேதான் சொல்லுதாம் மேடம். விளிம்பு போயிருச்சு. பெட்டியக் கழட்டிட்டு வண்டிய விடப் போறாக." பிறகு அந்தக் கறார் மனிதர் குழந்தை மாதிரி கையைத் தட்டினார். "ஓடுற வண்டியில! இம்புட்டு வெயில்ல! அட, எங்க அதிகாரிக்கு நானே போன் பண்றேன்!"

நான் அப்படியே கரிசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மா என்னை உலுக்கினார்.

"என்னத்தா ஆச்சு? செயிச்சிட்டியா, தோத்திட்டியா? சொல்லிட்டு அழு!"

"செயிச்சிட்டோம்மா!"

7

அம்மா பையிலிருந்து ஒரு சரவெடிக் கட்டை எடுத்தார். அவர் கம்பெனிச் சரக்கு. அது பையில் எத்தனை நாளாக இருந்தது, எந்த நம்பிக்கையில் கொண்டு வந்தார் என்பது எனக்குத் தெரியாது.

பால்பாண்டி பாய்ந்து வந்து தடுத்தார்.

"அய்யய்யோ, இங்கன வேண்டாம்மா! தண்டவாளத்துப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டா டிரைவர் பிரேக்கப் போட்ருவாரு. எங்ககிட்டயும் ஒரு வெடி உண்டு. ஆபத்துன்னு சொல்ல தண்டவாளத்து மேல வைக்கிறது. சத்தம் கேட்டா வண்டி நிக்கணும், அதான் சட்டம்."

"ரயிலுக்கும் வெடி இருக்கா?" என்று அம்மா ஆச்சரியப்பட்டார். "அத எங்க கம்பெனியில செய்ய மாட்டாகளே!"

எல்லோரும் ஜெயந்தியின் காரில் ஏறி, பாதையை விட்டு வெகுதூரம் போய், ஒரு தரிசு நிலத்தில் இறங்கினோம். சரத்தை விரித்துப் போட்டோம். நான் பற்ற வைக்கப் போனேன். அம்மா என் கையிலிருந்து ஊதுவத்தியை வாங்கிக்கொண்டார்.

"குடு இங்கன. வருசம் பூரா பின்னுதேன். உக்காந்து வெடிக்க எனக்கு என்னைக்கு நேரம் இருந்துச்சு?"

குனிந்து, திரியைக் கிள்ளி, நெருப்பை வைத்துவிட்டு, அவசரப்படாமல் நடந்து வந்தார். பின்னால் சரம் படபடவென்று வெடித்துச் சிதறியது. யோனாஸ் காதைப் பொத்திக்கொண்டு காருக்குப் பின்னால் ஒளிந்தான். ஜெயந்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிவப்புக் காகிதத் துணுக்குகள் பறப்பதை வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிகிட்டேவிடம் பேசி முடித்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே நடுப்பகல். கயல்தான் எடுத்தாள். அதற்குள் ஜெயந்தி காரிலிருந்து இன்னொரு சரத்தை எடுத்துப் பற்ற வைத்துவிட்டாள். சத்தம் போனுக்குள் போயிற்று.

"அம்மா, அங்கே இன்றைக்குப் புத்தாண்டா?" என்று ஜெர்மனில் கேட்டாள். பாவம், இந்த நாட்டில் புத்தாண்டு பிறக்கும்போது மட்டும்தான் வெடிக்க விடுவார்கள்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கினார்.

"ஏ கயலு! உங்காத்தா சக்கரத்தப் பிடிச்சிட்டா! ஆமா, ரயிலு சக்கரத்த!"

போன் என் கைக்குத் திரும்பி வந்தது. கயல் தேடித் தேடி, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் கேட்டாள்:

"அம்மா... சக்கரம் எங்க ஓடிப் போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரிசல் காட்டில் புகை மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. தூரத்தில், பெட்டி ஒன்று குறைந்த அந்தச் சரக்கு வண்டி விருதுநகரை விட்டுக் கிளம்பி ஊதுவது கேட்டது.

"எங்கயும் ஓடிப் போகல கண்ணு" என்றேன். "ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிடிச்சோம்."